விருப்பமில்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்: பெங்களூருத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

மனநலச் சிக்கல் என்றால் பெங்களூரில் நம் ஆட்கள் முதலில் சொல்வது நிம்ஹான்ஸ். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் இருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர் ரோட்டில் வந்து இறங்குகிறார்கள். தனியார் மருத்துவமனைகள், மறுவாழ்வு இல்லங்கள் என்று ஊர் முழுக்க வேறு இடங்களும் உண்டு. சட்ட உதவிப் பணியில் இருப்பதால் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் உள்ளே இருப்பவர்களுடையவை, மீதி சேர்த்தவர்களுடையவை. இரண்டு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றுதான்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017.

வீட்டார் கையெழுத்துப் போட்டால் போதுமா, ஒருவரை உள்ளே வைத்துவிடலாமா?

போதாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறவினர் ஒரு விண்ணப்பமும் இரண்டு மருத்துவர் சான்றிதழும் கொடுத்தால் 90 நாள் வரை வைத்திருக்க இடம் இருந்தது. அந்த நினைப்பு இன்னும் பலருக்குப் போகவில்லை. 2018-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து வீட்டார் கையெழுத்து ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். முடிவு எடுப்பது மருத்துவர்கள். அந்த முடிவைக் கேள்வி கேட்க மனநல மறுஆய்வு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ரிவ்யூ போர்டு என்றால் மருத்துவமனையில் எல்லோருக்கும் புரியும்.

யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சட்டத்தின் எந்தப் பிரிவில் சேர்த்தார்கள், எந்தத் தேதியில்? 86 என்றால் அவராக விரும்பிச் சேர்ந்தது. 89 என்றால் பிறர் ஆதரவுடன், அதாவது அவர் சம்மதம் இல்லாமலும், சேர்த்தது. 90 என்றால் அது 30 நாளைத் தாண்டிய நீட்டிப்பு. 87 சிறுவர்களுக்கு. சேர்க்கைத் தாளில் இது இருக்கும். எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார், ஏன், அதை எதிர்த்து வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்வது மருத்துவமனையின் கடமை. 22-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினால் கடமை முடிந்துவிடாது.

89-ஆம் பிரிவில் சேர்க்க என்னென்ன தேவை?

ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ பார்த்திருக்க வேண்டும். நோய் கடுமையானது என்பதோடு, கீழே உள்ள மூன்றில் ஒன்றாவது இருப்பதாக இருவரும் முடிவு செய்ய வேண்டும். அண்மையில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள முயன்றார் அல்லது மிரட்டினார் என்பது ஒன்று. பிறரைத் தாக்கினார் அல்லது தாக்கிவிடுவாரோ என்று பயப்படும்படி நடந்தார் என்பது இரண்டாவது. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்பது மூன்றாவது.

அதுவும் போதாது. இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி வேறு இல்லை, சிகிச்சை பற்றித் தானாக முடிவெடுக்கும் நிலையிலும் அவர் இல்லை என்று சான்று தர வேண்டும். "பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான்", "வேலைக்குப் போகமாட்டேன் என்கிறாள்", "வேற்று ஜாதிப் பையனோடு போய்விட்டாள்" என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் கிடையாது. முன்பு எப்போதோ மாத்திரை சாப்பிட்டார் என்பதை மட்டும் வைத்து இப்போதும் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது. சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இந்தத் தடைகள் உண்டு.

30 நாள் கணக்கு எப்படி ஓடுகிறது?

89-இல் அதிகபட்சம் 30 நாள். சேர்த்த ஏழு நாளுக்குள் மருத்துவமனை வாரியத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பெண்கள், சிறுவர்கள் என்றால் மூன்றே நாள். உள்ளே இருப்பவருக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று ஒவ்வொரு ஏழு நாளுக்கும் பார்க்க வேண்டும். திரும்பிவிட்டது என்றால் 89 அத்தோடு முடிந்தது. அதன்பின் அவர் இருக்க விரும்பினால் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்பலாம்.

நிறையப் பேர் 30 என்பதைத் தண்டனைக் காலம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். "முப்பது நாள் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று சேர்த்தவர்களே சொல்வதுண்டு. அது உச்சவரம்பு. பத்தாம் நாள் தெளிந்துவிட்டால் பதினோராம் நாள் பிடித்து வைக்கக் காரணம் இல்லை.

நியமனப் பிரதிநிதி என்கிறார்களே, யார் அது?

89-இல் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுப்பவர் இவர்தான். பதினெட்டு வயது நிரம்பிய யாரும், நன்றாக இருக்கும்போதே, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஒருவரை நியமிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நியமிக்கவில்லை என்றால் உறவினர், அதற்கடுத்து பராமரிப்பவர் என்று சட்டமே வரிசை வைத்திருக்கிறது.

சண்டை ஆரம்பிப்பது இங்கேதான். மனைவி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் பாகப்பிரிவினை. ஏற்கெனவே ஒரு முறை நோய்ப்பட்டு மீண்டவர்களிடம் நான் தவறாமல் சொல்வது: நம்பிக்கையான ஒருவர் பெயரை இப்போதே எழுதி வையுங்கள். இந்தப் பிரதிநிதிக்குச் சேர்க்கச் சொல்லும் உரிமை மட்டுமல்ல, நோயாளி சார்பில் வாரியத்திடம் விடுவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு.

வாரியத்தில் யார் யார் இருப்பார்கள்?

தலைவராக மாவட்ட நீதிபதி, அல்லது அந்தத் தகுதி உள்ளவர், அல்லது ஓய்வு பெற்றவர். மாவட்ட நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், வேறொரு மருத்துவர். மீதி இரண்டு இடம் நோயை அனுபவித்தவர்களுக்கோ, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ, அத்துறையில் வேலை செய்யும் அமைப்பினருக்கோ. மூன்று பேர் இருந்தால் கூட்டம் நடத்தலாம். ஒரு வழக்கில் சம்பந்தப்பட்டவர் அந்த வழக்கில் உட்காரக் கூடாது.

விண்ணப்பிப்பது எப்படி? வக்கீல் வேண்டுமா?

வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை. நோயாளியோ, நியமனப் பிரதிநிதியோ, நோயாளி சம்மதத்தோடு ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். பெயர், தொடர்பு விவரம், எந்த மருத்துவமனை, என்ன குறை, என்ன வேண்டும் ஆகியவை இருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய மனுவைப் பார்த்திருக்கிறேன். "இன்ன தேதி என்னை இங்கே சேர்த்தார்கள். சேர்த்தது என் அண்ணன். எனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை. போர்டு என்னை நேரில் கேட்க வேண்டும்." நான்கே வரி, தேவையான எல்லாம் அதில் இருந்தது.

எழுத முடியாத நிலை என்றால், அசாதாரணச் சூழலில் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ சொன்னாலும் வாரியம் ஏற்கலாம் என்று 77-ஆம் பிரிவு சொல்கிறது. "போன் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே" என்பீர்கள். வார்டில் போன் பேச விதிமுறை வைக்கலாம். ஆனால் வாரிய உறுப்பினர், நீதிபதி, உங்கள் வக்கீல், நியமனப் பிரதிநிதி ஆகியோர் வருவதையோ கூப்பிடுவதையோ தடுக்க முடியாது. எம்.எல்.ஏ., எம்.பி.கூட அந்தப் பட்டியலில் உண்டு.

இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டியது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. பெங்களூரில் எச். சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுல கட்டடத்தில் கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

ஒரு நடைமுறை யோசனை: மனுவை வார்டில் கொடுத்தால் ஒரு நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அது முடியாவிட்டால் வெளியே இருக்கும் ஒருவர் வழியாக இன்னொரு பிரதி வாரியத்துக்குப் போகட்டும். 89-ஆம் பிரிவுச் சேர்க்கையை எதிர்க்கும் மனுவை, வந்து சேர்ந்த ஏழு நாளுக்குள் வாரியம் முடிக்க வேண்டும். 90 என்றால் 21 நாள். வந்து சேர்ந்த தேதிக்குச் சான்று இல்லை என்றால் இந்தக் கெடு வெறும் காகிதம்.

விசாரணை நாளில் என்ன நடக்கும்? கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்களா?

இல்லை. வாரியம்தான் மருத்துவமனைக்கு வரும். நோயாளி சேர்க்கப்பட்ட இடத்திலேயே விசாரணை நடத்தச் சொல்கிறது சட்டம். பார்வையாளர் கூட்டமெல்லாம் இல்லாமல் மூடிய அறையில் நடக்கும். டாக்டர்கள் மீட்டிங் போடும் ஒரு அறை, நீளமான மேஜை, அதன்மேல் கட்டிவைத்த ஃபைல், பிளாஸ்டிக் நாற்காலிகள். அவ்வளவு சாதாரணமாக இருக்கும். கறுப்பு அங்கியை எதிர்பார்த்துப் பயந்து வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சொந்த உடையில் போகலாம், வார்டில் அதை உடுத்துவதும் உரிமைதான்.

நோயாளி தானே பேசலாம். வக்கீலோ தனக்கு வேண்டிய ஒருவரோ கூட வரலாம். மருத்துவமனை தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். சாட்சிகளை வரவழைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. விசாரணை முடிந்த ஐந்து நாளில் முடிவு எழுத்தில் வர வேண்டும்.

என்ன பேசுவது என்று கேட்பார்கள். "எனக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் அவர்கள் சதி" என்று ஆரம்பித்தால், அது உண்மையாகவே இருந்தாலும், பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும். நோய் இருக்கிறதா இல்லையா என்பதைவிட வாரியத்துக்கு முக்கியம், மேலே சொன்ன மூன்று ஆபத்தில் ஏதாவது இன்று இருக்கிறதா, வெளியே வைத்துப் பார்க்க வழி உண்டா என்பதுதான். ஆகவே இன்று ராத்திரி எங்கே தங்குவீர்கள், யார் கூட இருப்பார்கள், மாத்திரை தொடர்வீர்களா, அடுத்து எந்த ஓ.பி.யில் காட்டுவீர்கள் என்பதற்குப் பதில் வைத்திருங்கள். ஸ்ரீராமபுரத்தில் அக்கா வீட்டில் இடம் இருக்கிறது என்றால் அக்காவையே கூட்டிவாருங்கள். அக்கா நேரில் வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு இருக்கும் கனம் நீண்ட வாதத்துக்கு இருக்காது.

மருத்துவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மருத்துவர்களுக்கு யாரையும் பிடித்து வைப்பதில் ஆசை கிடையாது. கட்டிலுக்குக் காத்திருப்போர் எப்போதும் உண்டு. அவர்கள் அஞ்சுவது, விட்டு அனுப்பிய மறுநாள் ஏதாவது நடந்துவிடுமோ என்பதைத்தான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் மனுதான் எடுபடும்.

30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியுமா?

முடியும், 90-ஆம் பிரிவில். இம்முறை இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். ஆபத்து ஒருநாள் கூத்தாக இல்லாமல் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். இதற்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும், 21 நாளுக்குள் அனுமதிக்கவோ விடுவிக்கவோ உத்தரவிட வேண்டும். முதலில் 90 நாள், அடுத்து 120, அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை. இந்த எண்களைப் பார்த்தால் வருடக்கணக்கில் போகும் என்பது புரியும். அதனால்தான் ஒவ்வொரு நீட்டிப்பிலும் வாரியத்தின் முன் பேசுவது முக்கியம்.

ஊரில் தொடர் சிகிச்சைக்கு வசதி இல்லை என்பதை மட்டுமே காரணம் காட்டி ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது. வீடு இல்லை, வீட்டார் ஏற்கவில்லை என்பதும் காரணம் ஆகாது.

நானாகத்தான் போய்ச் சேர்ந்தேன். இப்போது விட மறுக்கிறார்கள்.

86-இல் சேர்ந்தவர் கேட்டால் விட வேண்டும். விட்டால் ஆபத்து என்று மருத்துவருக்குத் தோன்றினால் 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்து மறுபடி பார்க்கலாம். அதற்குள் 89-க்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் அனுப்ப வேண்டும்.

குடியை நிறுத்தும் மையத்தில் இருந்து வேன் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்கும் இந்தச் சட்டம்தானா?

இதற்கும் இதுதான். மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளும் சட்டத்தின் "மனநோய்" வரையறைக்குள் வருகின்றன. ஆக அப்படிப்பட்டவர்களை உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற வேண்டும், மேலே சொன்ன அத்தனை விதியும் அதற்குப் பொருந்தும்.

எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த விஷயத்தில்தான். மனைவி அல்லது அப்பா போன் செய்கிறார். ராத்திரி நான்கு தடியான ஆட்கள் வருகிறார்கள். போர்வையைச் சுற்றி வேனில் ஏற்றுகிறார்கள். மூன்று மாதத்துக்குப் பேக்கேஜ், முன்பணம் கட்டியாயிற்று, முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது. இதில் மனநல மருத்துவர் எங்கே, இன்னொரு மருத்துவர் எங்கே, பிரிவு எங்கே? "மூன்று மாத கோர்ஸ்" என்று சட்டத்தில் எதுவும் இல்லை. முப்பது நாளுக்குமேல் வாரியத்தைக் கேட்காமல் யாரையும் வைக்க முடியாது.

வீட்டாரின் நிலைமையும் தெரியும். அடி வாங்கி, நகையை அடகு வைத்து, கடைசியாகத்தான் அந்த எண்ணுக்கு அழைக்கிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவு எண் என்ன, மனநல மருத்துவர் யார், எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். பதிவு இல்லாமல் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

அவர் வரவே மாட்டேன் என்கிறார். நாங்கள் என்னதான் செய்வது?

காபியில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா என்று கேட்காத குடும்பம் அபூர்வம். வேண்டாம். தெரிந்துபோகிற அன்று நம்பிக்கை போய்விடும், அதன்பின் நீங்கள் தரும் சோற்றையே சந்தேகப்படுவார். முதலில் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, தமிழிலும் பேசலாம்.

உடனடி ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 94-ஆம் பிரிவில் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். நியமனப் பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதம் வேண்டும். பக்கத்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் இதில் அடங்கும். கத்தியை எடுத்துவிட்டார், மொட்டைமாடிச் சுவரில் ஏறிவிட்டார் என்றால் 112.

போலீஸ் கூட்டிக்கொண்டு போனால்?

தெருவில் அலையும், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீசின் கடமை. ஆனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். மாஜிஸ்திரேட்டும் ஒருவரைப் பரிசோதனைக்காகச் சேர்க்க உத்தரவிடலாம், அது பத்து நாளுக்கு மிகக் கூடாது.

வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக, வயது வந்த ஒருவரை வேனில் ஏற்றத் துணைபோவது வேறு கதை. பெற்றோரை விட்டு விலகி வாழ்ந்த ஒரு இளம்பெண்ணைப் போலீஸ் துணையோடு தூக்கிப்போய் மனநல மருத்துவமனையில் சேர்த்த வழக்கில், நீதிபதி எஸ். முரளிதர் அடங்கிய டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு அது சட்டவிரோதம் என்று 2018-இல் தீர்ப்பளித்தது. அந்தச் சம்பவம் பழைய சட்டத்தின் காலத்தில் நடந்தது. புதிய சட்டத்தில் பாதுகாப்பு இன்னும் கூடுதல்.

பையனுக்குப் பதினாறு வயது. அவனுக்கும் இதேதானா?

அவனுக்கு 87-ஆம் பிரிவு. பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்தில் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தொட்டால் யாரும் கேட்காமலே வாரியம் பார்க்கும்.

உள்ளே கட்டிப்போட்டார்கள், ஷாக் கொடுத்தார்கள் என்கிறார்.

சங்கிலி எந்தக் காரணத்துக்கும் கூடாது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நாம் மறந்திருக்க முடியாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறை காரணமாகாது, தண்டனையாகவும் செய்யக் கூடாது, தனியறையில் அடைக்கவும் கூடாது. ஷாக் சிகிச்சையைப் பொறுத்தவரை, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பது தடை செய்யப்பட்டது. முறையாகக் கொடுத்தால் அது பலருக்கு உதவும் சிகிச்சைதான். சினிமாவில் காட்டுவதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

உள்ளே இருந்ததை வைத்துக் கணவர் "பைத்தியம்" என்று விவாகரத்துக் கேட்கிறார், சொத்தும் போய்விடுமா?

மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், அப்படி நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய. டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை நீட்டினால் வழக்கு முடிந்தது என்று அவருடைய வக்கீல் நினைக்கட்டும், நீங்கள் நினைக்க வேண்டாம்.

வாரியம் மறுத்துவிட்டால்? பதிலே சொல்லாவிட்டால்?

மறுத்தால் 30 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வரவில்லை, அல்லது ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, பதிவு இல்லாத இடம் என்றால் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதே நேர்வழி. அதற்குச் சட்டப் பணிகள் ஆணையம் வக்கீல் தரும்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி. தமிழ்நாட்டு வாரியத்திடம் போகலாமா?

ஆளைச் சேர்த்திருப்பது பெங்களூரில் என்றால் மனுவும் இங்கேதான், விசாரணை நடக்கப்போவது அந்த மருத்துவமனையிலேயே. ஆதார் விலாசம் எந்த மாநிலம் என்பது பிரச்சினை இல்லை. மனுவைத் தமிழில் எழுதி, கூடவே கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி வைத்தால் நேரம் மிச்சம். விசாரணைக்குத் தமிழும் கன்னடமும் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள், சேர்த்த உறவினரைத் தவிர வேறு யாராவது.